முன்னறைச் சாயம்

ஸ்டூலில் ஏறி நின்று, மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மாடி முன்னறை ஜன்னலின் பழைய பச்சைச் சாயத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தெருவிலிருந்து, “அண்ணே, நிறுத்துங்க” என்று ஒரு குரல் வந்தது. குனிந்து பார்த்தேன். எதிர்வீட்டின் பின்பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்த நூர் பீவி, கையில் சாப்பாட்டுக் கேரியரோடு நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கடலுக்கு அக்கரையில் இருக்கிற பிறையிலிருந்து பினாங்குக்கு ஃபெரி பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தெருவில் நின்றுகொண்டு ஒரு பொம்பிளை எனக்கு உத்தரவு போடுவதா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பிழையைப் பிடித்தே சம்பளம் வாங்கினேன். என் பிழையை இன்னொருவர் பிடித்தால் எனக்கு ஆகாது.

இதை எழுதும்போது அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் மனசுக்குள் ‘இவளுக்கு என்ன வந்தது’ என்றுதான் ஓடியது. வெட்கக்கேடுதான், ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் ஏன் ஸ்டூலில் ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தொண்ணூற்றிரண்டாம் வருடம். ஈப்போவில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் யோகலட்சுமிக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் எழுதாத சட்டம். இந்தத் தடவை அது வெறும் சட்டமாகவும் இல்லை. முந்தின வருடம் ஒன்று நாலாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் யோகம் போனில் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பிள்ளை தங்கியதும் அவள் கேட்ட ஒரே விஷயம், “நான் அம்மாட்ட வரலாமா?” என்பதுதான். சம்பந்தியம்மாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஈப்போவில் இல்லாத டாக்டரா என்று ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தார். சம்பந்தி தியாகராஜாதான் அவரைச் சமாதானப்படுத்தி, நல்ல நாள் பார்த்து, அடுத்த மாதம் நாலாம் தேதி புதன்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார். கையில் பதினெட்டு நாள் இருந்தது.

டத்தோ கெராமாட் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருக்கிற எங்கள் வீடு உலகச் சண்டைக்கு முன்பு கட்டியது. ஜப்பான்காரன் வந்து போனபோதும் அந்த ஜன்னல் கதவுகள் பச்சையாகத்தான் இருந்தன என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். மாடி முன்னறைதான் வீட்டிலேயே காற்று வருகிற அறை. இரண்டு பெரிய ஜன்னல், அவற்றின் அடியில், உட்கார்ந்தால் தெரு தெரிகிற உயரத்தில் அகலமான மரக்கட்டை. யோகம் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பச்சை அங்கங்கே வெடித்துச் செதில் செதிலாக நின்றது. ஆள் வைத்து அடித்தால் மேலோட்டமாக மெழுகிவிட்டுப் போவான் என்று நானே இறங்கினேன். அடியில் மரம் தெரிகிற வரை சுரண்டி, தேய்த்து, துடைத்து, அப்புறம் புதுப்பச்சை. எங்கள் ஆட்களுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்குள் ஒரு ஜன்னலை முழுக்க முடித்து, இரண்டாவதில் பாதி வந்திருந்தேன். தரையெல்லாம் மாவு கொட்டின மாதிரி இளம்பச்சைத் தூசி. பத்மாவதி, என் வீட்டுக்காரி, தினம் இரண்டு தடவை விளக்குமாற்றால் கூட்டி அள்ளினாள்.

“காய்ஞ்ச சாயத்த தேய்க்காதீங்க அண்ணே. பழைய வீடுலா இது. அந்தச் சாயத்துல காரீயம் இருக்கும்” என்றார் நூர் பீவி, தெருவிலிருந்தே.

பத்மாவதிதான் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய் என்ன என்று விசாரித்தாள். நூர் பீவி ஒரு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், வீம்புக்கு.

நூர் பீவியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிறையில் கார் பேட்டரி செய்கிற பெரிய ஃபேக்டரியில் வேலை. புருஷன் கப்பலுக்குப் போனவர், திரும்பவில்லை. சல்மா என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் கணக்கு டியூஷனுக்கு வந்தது. ஆறு மாதம் பார்த்தேன். இன்றைக்குச் சொன்ன வாய்ப்பாடு நாளைக்கு இருக்காது. ஒருநாள் பொறுமை போய், தாயைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, தையல் கியல் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சரி அண்ணே என்று தலையாட்டி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் தெருவில் கண்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

சொன்னபடி வந்தார். மாடிப்படி ஏறியதும் அறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஈயம் என்றால் ஈப்போப் பக்கம் தோண்டுகிற ஈயமா என்று நான் நக்கலாகக் கேட்டேன். அது இல்லை, பேட்டரிக்குள் போடுகிற கனமான காரீயம், அந்தக் காலத்தில் சாயம் பளபளப்பாக நிற்பதற்கு அதைக் கலப்பார்கள் என்று விளக்கினார். ஒட்டிக்கொண்டு இருக்கிறவரை அது சும்மா இருக்கும். தேய்த்தால் தூசியாகி மூச்சிலும் சோற்றிலும் போகும். பெரியவர்களுக்கே ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் ரத்தத்தோடு போய்விடும். இதையெல்லாம் கண்டிப்பு இல்லாமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். பத்மாவதி கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நான் மட்டும் விடவில்லை. இத்தனை வருடமாக இந்த அறையில் இருக்கிற பச்சை, யோகம் இங்கேதானே தவழ்ந்தாள், அவளுக்கு என்ன வந்தது என்றேன். அப்போது சாயம் உதிராமல் இருந்திருக்கும், யாரும் தேய்க்கவும் இல்லை என்றார்.

ஆனாலும் அதிகாரி மூளை, ஆதாரம் வேண்டும் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உதிர்ந்து கிடந்த செதிலில் பெரிதாக ஒன்றை ஈரத்துணியால் எடுத்து, காலியான ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டு மூடினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. ஃபேக்டரி லேபில் இருக்கிற கெமிஸ்ட் அந்தச் செதிலைக் குறுக்கே வெட்டி, காரீயத்தில் பட்டால் கறுக்கிற மருந்து ஒரு சொட்டு விட்டாராம். மேல் பச்சைக்கு ஒன்றுமில்லை. அதன் கீழே இருந்த பச்சையும், அடியில் இருந்த காவியும் கண்ணெதிரிலேயே கறுத்துப்போயினவாம். டப்பாவைத் திறந்து காட்டினார். ஓரத்தில் மை பூசியதுபோல இரண்டு கறுப்புக் கோடு.

நான்கு நாளாக நான் என் பேரப்பிள்ளைக்காக விஷத்தை அரைத்து வீடு முழுக்கத் தூவியிருக்கிறேன். ஏனோதானோ என்று ஒரு பெயின்டர் மேலோட்டமாக மெழுகிவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது. என் ஒழுங்குதான் வினையாகிவிட்டது. பத்மாவதி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. நூர் பீவியைப் பார்த்து, பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதா என்று மட்டும் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.

“சொல்லாதீங்க அக்கா. இன்னும் ரெண்டு வாரம் இருக்குல. அந்தச் சாயத்து மேல பூசி நம்ம மூடிருவோம்” என்றார் நூர் பீவி.

அந்த ‘நம்ம’வை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் ஃபெரியை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய், அரை மணியில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பார். முதலில் தூசி. விளக்குமாற்றைத் தொடக்கூடாது. மெத்தை, திரை எல்லாவற்றையும் அங்கேயே ஈரமாக்கிச் சுருட்டி வெளியே கொண்டுபோகச் சொன்னார். தரையைச் சவுக்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, அறையின் கடைசி மூலையிலிருந்து வாசல்வரை பின்னுக்கே வந்து துடைக்க வேண்டும். துணி கொஞ்சம் அழுக்கானால் வேறு துணி. வாளித்தண்ணீர் கலங்கினால் வேறு தண்ணீர். அதையும் வாசல் சாக்கடையில் ஊற்றக்கூடாது, அங்கே தெருப்பிள்ளைகள் விளையாடும் என்று கக்கூஸில் கொட்டச் சொன்னார். எங்களுடைய பின்னறையை யோகத்துக்குக் கொடுத்துவிட்டு இந்த அறையைப் பூட்டிவிட்டால் என்ன என்று நான் சுலபமான வழி கேட்டேன். தூசி ரூம் பார்த்தா போகும் அண்ணே என்று சொல்லிவிட்டு, பின்னறைக் கட்டிலின் அடியில் ஒரு வெள்ளைத்துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் பச்சை ஏறியிருந்தது. வீடு முழுக்க மூன்று தடவை துடைத்தோம், படி, கைப்பிடி, சாமித்தட்டு உட்பட.

அப்புறம் சோதனை. ஒவ்வொரு ஜன்னலிலும், நிலையிலும், கதவிலும் பிளேடால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறுவார். அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் பிடுங்குவார். நாடாவில் ஒன்றும் வராவிட்டால் அந்த இடம் பூச்சைத் தாங்கும். பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கே என்ன பூசினாலும் அதோடு சேர்ந்து கழன்றுவிடும், வேறு வழி பார்க்க வேண்டும். ஜன்னல் கதவுகள் அவர் கணக்கில் தேறவே இல்லை. சாயம் ஒட்டாததால் அல்ல. திறந்து மூடும்போது ஓரமும் ஓரமும் உரசுமே, எந்தப் பூச்சும் உரசலில் நிற்காது என்றார். எண்பது வயதுக் கதவுகளைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிக் கீழே இறக்கினோம். அந்த இடத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற கண்ணாடிப் பலகை ஜன்னல் வந்தது. பினாங்கிலேயே அழகான ஜன்னல் என்று நான் பீற்றிக்கொண்டது அதோடு முடிந்தது.

பூச்சையும் அவர்தான் தேடிப் பிடித்தார். ஃபேக்டரியில் ஒரு பழைய ஸ்டோரின் சுவர்களை மூடுவதற்கு வாங்கினார்களாம், கப்பலுக்கும் தகரக்கூரைக்கும் அடிக்கிறது. பீச் ஸ்திரீட்டில் ஒரு சீனர் கடையில் கேட்டு, உட்புறத்துக்கு ஆகுமா, எத்தனை நாள் காய வேண்டும், வாசனை எப்போது போகும் என்றெல்லாம் விசாரித்து, பேப்பரில் எழுதிக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், தயிர் மாதிரி கெட்டி. அதை அவர் பூசுகிறதை நான் ஒரு வேலையும் செய்யாமல் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பழைய சாயத்தின் பளபளப்பைப் போக்க, உப்புத்தாளை வாளியில் நனைத்து நனைத்து, சொட்டச் சொட்டத் தேய்ப்பார். நான் தேய்த்த அதே உப்புத்தாள்தான், தண்ணீர் ஒன்றுதான் வித்தியாசம். காய்ந்ததும் தூரிகையை மூன்றில் ஒரு பங்குதான் முக்குவார். நீளவாக்கில் ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு, திரும்ப நீளவாக்கில். முடித்த பிறகு டார்ச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, நிழல் விழுகிற இடமெல்லாம் ஊசித்துளை என்று திரும்ப அடைப்பார். ஒரு துளி கீழே சிந்தி நான் பார்க்கவில்லை. என் அலுவலகத்தில் எத்தனையோ அதிகாரிகளைக் கண்டேன். தன் வேலையை இவ்வளவு தெரிந்தவர், அதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் ஒருவரைக் கண்டதில்லை. பத்மாவதியும் அவரும் அதற்குள் அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள். வாழைப்பழமும் கோப்பியும் மாடிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன.

முதல் பூச்சு முடிந்த சாயங்காலம் நல்ல மழை. எதிர்வீட்டுக்குப் போகக்கூட வழியில்லாமல், மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் என்ன உறவா, ரத்தமா, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். கேட்டவிதம் கொஞ்சம் முரட்டுத்தனம்தான், எனக்கு அப்படித்தான் வரும். கோப்பிக் கோப்பையைப் படியில் வைத்தார்.

“சல்மா வயித்துல இருந்தப்ப நான் வேற எடத்துல வேலை செஞ்சேன் அண்ணே. சின்னப் பட்டறை, இப்ப அது இல்ல. பழைய பேட்டரிய ஒடைச்சு உருக்குறது. எட்டாம் மாசம் வரைக்கும் போனேன். வேலைக்காரங்க ரத்தத்துல காரீயம் இருக்கான்னு எடுத்துப் பாக்குற சட்டமெல்லாம் அப்ப வரல. போட்ட துணியோடதான் வீட்டுக்கு வருவேன். பிள்ளை பெத்துட்டுத் திரும்பப் போனேன், அந்தத் துணியோடதான் பால் கொடுப்பேன். தூசிதானேன்னு நெனச்சேன்.”

மழைச் சத்தத்தில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

“அதனாலதான் இவ இப்படின்னு யாரும் எழுதித் தரல. ஆனா பெரிய ஃபேக்டரில சேர்ந்த அன்னிக்கு கிளாஸ் எடுத்தாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு லெட், அதான் இந்தக் காரீயம், என்ன செய்யும்னு போர்டுல ஒண்ணொண்ணா எழுதுனாங்க. படிக்கப் படிக்க என் பிள்ளையப் பத்தியே எழுதுற மாதிரி இருந்துச்சு.”

பத்மாவதி அவர் முதுகில் கை வைத்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இன்றைக்குச் சொன்ன வாய்ப்பாடு நாளைக்கு இல்லை என்று நான் கத்திய கத்தல், பிள்ளை நோட்டுப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விழித்த விழிப்பு, சரி அண்ணே என்று தாய் தலையாட்டியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கடைசியில், நாளையிலிருந்து சல்மாவை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“வேணாம் அண்ணே. தையல் நல்லா வருது அவளுக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னதுதான்” என்றார். அதில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது பூச்சும் முடிந்து, மழைநாள் என்பதால் இரண்டு நாள் கூடுதலாகக் காயவிட்டு, மூன்றாம் தேதி செவ்வாய் சாயங்காலம் கடைசிச் சோதனைக்கு வந்தார். அறை பால் மாதிரி இருந்தது. பத்மாவதி புது மெத்தை விரித்து, ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்குப் பலகாரத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். நூர் பீவி நகத்தால் கீறிப் பார்த்தார், நாடா ஒட்டிப் பிடுங்கிப் பார்த்தார். நிலை தேறியது. கதவு தேறியது. சுவரோரப் பட்டை தேறியது. முதல் ஜன்னலின் கட்டை தேறியது. கட்டிலுக்கு நேர் மேலே இருந்த இரண்டாவது ஜன்னலின் கட்டையில் நாடாவை இழுத்தபோது, கைநீளத்துக்கு வெள்ளைத் தோல் உரிந்து வந்தது. அதன் முதுகில் பச்சை ஒட்டியிருந்தது. நான் பாதி தேய்த்துவிட்டு நிறுத்தின இடம் அதுதான்.

அவர் நாடாவை மடித்தார். பிறகு, நாளைக்குப் பிள்ளையை இந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம் என்றார். இந்தக் கட்டையை இனிப் பூச்சு காப்பாற்றாது, மேலே புதுப்பலகை வைத்து மூடி, ஓரமெல்லாம் அடைத்துப் பூச வேண்டும், காய நாலைந்து நாளாவது ஆகும்.

நான் வெடித்துவிட்டேன். பஞ்சாங்கம் பார்த்து வைத்த நாள். இந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் பதின்மூன்றாம் தேதிதான். சம்பந்தியம்மா ஏற்கெனவே அரைமனசோடுதான் சம்மதித்திருக்கிறார், கடைசி நிமிஷத்தில் நாளை மாற்றினால் பிள்ளையை அனுப்பவே மாட்டார். ஒரு முழ இடத்துக்காகவா இந்தக் கூத்து, மேலே ஒரு துணியை விரித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கத்தினேன். பிறக்கப்போகிற பிள்ளை மூன்று மாதம் மல்லாந்து படுத்திருக்கும், அப்புறம் ஈப்போவுக்குப் போய்விடும், அது எப்போது அந்தக் கட்டையைத் தொடப் போகிறது என்றும் கேட்டேன்.

“கட்டைக்குக் கீழதான தாய் படுக்கப் போறாங்க. உதிர்ந்தா அவங்க மேலதான் விழும். அப்புறம் அண்ணே, மூணு மாசத்துல போனா திரும்ப வராதா? தாத்தா வீட்டுக்கு வராம எங்க போகும்? நிக்கப் பழகுறப்ப அது பிடிக்கிற உயரம் இதுதான். பல்லு மொளைக்கிறப்ப வாய் வைக்கிறதும் இங்கதான்.”

இதைச் சொன்னபோது அவர் உள்ளங்கையைக் கட்டையின்மேல் வைத்திருந்தார். அந்த உயரத்தில் ஒரு குழந்தை நிற்பதை நான் உண்மையிலேயே பார்த்தேன்.

பத்மாவதி மாவுக் கையோடு படியேறி வந்து நின்றாள். இரண்டு பேரையும் பார்த்தாள். எங்கள் கல்யாணமான முப்பது வருடத்தில் நல்லநாள் கெட்டநாள் பார்க்காமல் ஒரு சட்டைத்துணி வெட்டாதவள் அவள்.

“இஞ்சாருங்கோ, ஈப்போவுக்குப் போன் எடுங்கோ. பதின்மூண்டாம் தேதி எண்டு சொல்லுங்கோ” என்றாள். “நல்ல நாள் விசயத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

போன் எடுத்தேன். தியாகராஜாவிடம் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் உப்புத்தாளிலிருந்து தொடங்கிச் சொன்னேன், என் கையால் செய்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா ரிசீவரை வாங்கி, வீட்டைப் பார்க்கத் தெரியாதவர்கள் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார்களாம் என்ற பொருளில் சில வார்த்தை சொன்னார். வாங்கிக்கொண்டேன். நியாயமான வார்த்தைதான். கடைசியில் யோகம் வந்தாள். அவளிடமும் சொன்னேன். முந்தின வருடத்து நினைவு அவளுக்கு வரும் என்று பயந்து பயந்துதான் சொன்னேன்.

“அந்த நூர் பீவி அக்கா என்ன சொல்லுறா அப்பா?” என்று கேட்டாள்.

“பதின்மூண்டாம் தேதி வரலாம் எண்டு சொன்னாத்தான் வரவேணும், அதுக்கு முன்னம் வேண்டாம் எண்டுறா.”

“அப்ப அவ சொன்ன பிறகு வாறன்” என்றாள் என் மகள். என்னை நம்பவில்லை என்று எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. என்னையே நான் நம்பாத நேரம் அது.

அடுத்த ஒன்பது நாளில் அந்தக் கட்டைக்குப் புதுப்பலகை வந்தது. ஓரங்களை நூர் பீவி விரலால் மெழுகி அடைத்தார். திரும்ப இரண்டு பூச்சு. பன்னிரண்டாம் தேதி மூன்று இடத்தில் நாடா ஒட்டிப் பிடுங்கினார். மூன்றும் வெறும் நாடாவாக வந்தன. எனக்கும் ஒன்றை ஒட்டி இழுக்கக் கொடுத்தார், அதிலும் பூச்சு ஒட்டி வரவில்லை. அதற்கு மேலும் ஈரத்துணியால் அறையை ஒரு தடவை துடைத்துவிட்டு, வரச் சொல்லுங்க அக்கா என்றார். யோகம் வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்து, பச்சை இல்லாமல் அறை பெரிதாகிவிட்டது என்றாள். பிரசவத்துக்கு முன்பே யோகத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நூர் பீவிதான் வற்புறுத்தினார். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து, விடியற்காலை, பெண்பிள்ளை. மூன்று கிலோவுக்கு மேல். அழுத அழுகையில் வார்டே எழுந்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கிற நாள். வீடு கழுவி, ஐயர் வந்து போய், தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்து, கூடம் முழுக்க எங்கள் ஆட்கள். ஈப்போவிலிருந்து சம்பந்தி வீட்டார் இரண்டு காரில் வந்திருந்தார்கள். நூர் பீவியும் சல்மாவும் வந்தார்கள். சல்மா தைத்த சின்னச் சட்டை ஒன்று பொதியில் இருந்தது, கழுத்தில் மஞ்சள் நூலில் சின்னச் சின்னப் பூ. பத்மாவதி அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டினாள். சம்பந்தியம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்து, தையலின் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கிறதே என்றார்.

யோகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக நூர் பீவியிடம் வந்தாள். “அக்கா, பிடியுங்கோ” என்று நீட்டினாள். நூர் பீவி கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார். பிறகு பத்மாவதியின் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, “அக்கா, சோப்பு இருக்கா?” என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. குளித்து, புதுக்கெபாயாச் சட்டை உடுத்தி, தலையில் தண்ணீர் காயாமல்தான் வந்திருந்தார். பத்மாவதி சோப்பை எடுத்துக் கொடுத்தாள். பின்கட்டுக் குழாயடியில் வளையல்களைக் கழற்றித் திண்டில் வைத்தார். கையை நனைத்தார். நகத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக, விரலுக்கு இடையில், மணிக்கட்டைச் சுற்றி, முழங்கைவரை. கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பச் சோப்புப் போட்டார். இலை போடுவதற்குள்ளேயே கை கழுவப் போய்விட்டாளே என்று கூடத்தில் சம்பந்தியம்மா யாரிடமோ சொன்னது கேட்டது. சல்மா கதவோரம் நின்று தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகம் பிள்ளையோடு குழாயடிக்கே போனாள். பக்கத்தில் நின்றாள். பிள்ளை விழித்து, தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. நூர் பீவி அதைப் பார்த்துச் சிரித்தார். கையை உதறினார். சோப்பை மூன்றாவது தடவையாக எடுத்தார்.